அக்கரை நிலவரத்தை இக்கரையிலிருந்து எடைபோடுவது எப்படி

தாய்லாந்தில் இறால் செத்தால் தொண்டியில் விலை ஏறும். ஈக்வடாரில் குளம் பெருகினால் தேவிபட்டினத்தில் விலை இறங்கும். முதலாவது 2013-இல் நடந்தது. அன்று குளத்தைத் தயாராக வைத்திருந்தவர்கள் பழைய கடனை அடைத்தார்கள். இரண்டாவது அண்மை ஆண்டுகளில் நம் கண்முன்னே நடந்தது. 2022-இல் ஈக்வடாரின் இறால் ஏற்றுமதி ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னைத் தாண்டியது. வெளிநாட்டு ஆய்வுக்கூடத்திலோ வயலிலோ குளத்திலோ ஏற்படும் மாற்றம் நம் வரப்புக்கு வந்து சேரச் சில மாதங்கள் ஆகும். சில வேளை ஓரிரு ஆண்டுகள்கூட ஆகும். அதுதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அதை வம்பு பேசியும் வாட்ஸ்அப் செய்தியை நம்பியும் தொலைத்துவிடுகிறோமே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இந்த ராமநாதபுரக் கரையில் வனாமி இறால் வளர்க்கும் சிலர் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு, மாதம் ஒரு தாளில் வெளிநாட்டு நிலவர மதிப்பீடு எழுதித் தருகிறேன். முறையைக் கற்றுக்கொண்டது அமெரிக்க உளவு அமைப்பின் பழைய தாள்களிலிருந்து. ரகசியம் நீக்கப்பட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களை சி.ஐ.ஏ. 2017 ஜனவரியில் இணையத்தில் வைத்தது. சோவியத் கோதுமை, சீன நெல், உரத் தொழிற்சாலை, அணு உலை என்று பிற நாடுகளின் அறிவியலும் வேளாண்மையும் எந்தப் பக்கம் போகின்றன என்பதைத் தொலைவில் உட்கார்ந்தபடி கணித்தவர்களின் எழுத்து அவற்றில் இருக்கிறது. அவர்களுடைய நோக்கம் நமக்கு வேண்டாம். வேலை செய்த விதம் வேண்டும்.

கேள்வி யாருடையது?

முதலில் எழுத வேண்டியது கேள்வி. செய்திகளைச் சேர்த்துவிட்டுக் கேள்வி தேடினால், எது சுவையாக இருக்கிறதோ அதுதான் தாளில் ஏறும். யாரோ ஒருவர் ஒரு முடிவு எடுக்கப்போகிறார். அந்த முடிவிலிருந்து கேள்வி பிறக்க வேண்டும். "வியட்நாமில் இறால் தொழில் எப்படி இருக்கிறது?" என்பதற்குப் பதில் எழுதினால் முப்பது பக்கம் வரும், ஒருவருக்கும் பயன்படாது. "அடுத்த ஆறு மாதத்தில் ஈக்வடார் அமெரிக்காவுக்கு அனுப்பும் சிறு கவுண்ட் (கிலோவுக்குக் குறைந்த எண்ணிக்கையில் நிற்கும் பெரிய) இறால் இன்னும் கூடுமா?" என்று கேட்டால், அறுபது கவுண்ட் வரை வளர்ப்பதா நூறிலேயே பிடித்துவிடுவதா என்று யோசிப்பவருக்குப் பதில் கிடைக்கும். நாடு, பொருள், கால எல்லை, முடிவெடுப்பவர் ஆகிய நான்கும் கேள்விக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கணினியைத் திறக்கிறேன்.

இறால் மட்டும் என்றில்லை. பரமக்குடிப் பக்கம் குண்டு மிளகாய் போடுபவர், மண்டபத்தில் தெப்பம் கட்டிப் பாசி வளர்க்கும் அக்கா என்று எல்லாருக்கும் இதே முறை பொருந்தும்.

சொல்வது வேறு, வாங்குவது வேறு

ஒரு நாடு தன் அறிவியலைப் பற்றிச் சொல்வதைப் படியுங்கள். பிறகு அதே நாடு என்ன வாங்குகிறது, எதைக் கட்டுகிறது, எதை நிறுத்துகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

1958-இல் சீன நாளேடுகளில் ஒரு படம் வந்தது. நெற்கதிர் அவ்வளவு அடர்த்தியாம், அதன்மேல் குழந்தைகள் ஏறி நிற்கிறார்கள். பல வயல்களின் பயிரைப் பிடுங்கி ஒரே வயலில் நட்டு எடுத்த படம் அது. அந்த ஆண்டுத் தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று பெருமையாக அறிவித்தார்கள். மறு ஆண்டே 25 கோடி என்று அவர்களே குறைத்தார்கள். உண்மை 20 கோடியை ஒட்டித்தான் இருந்தது. அறிவிப்பை நம்பிக் கிராமங்களிலிருந்து தானியத்தை எடுத்துக்கொண்டு போனதன் விலையைப் பஞ்சத்தில் செத்த கோடிக்கணக்கான மக்கள் கொடுத்தார்கள். விளைச்சல் கணக்கு வெறும் எண் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

எதிர்ப்பக்கம் 1972. முந்தைய குளிர்காலத்தில் பனி போதாமல் கோதுமை கருகி, கோடையிலும் வறட்சி தாக்கி, சோவியத் விளைச்சல் சரிந்தது. வாய் திறக்காமல் அமெரிக்கத் தானிய நிறுவனங்களைத் தனித்தனியே அணுகி, ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் என்று ஒரு கோடி டன்னுக்கு மேல் கோதுமை வாங்கிவிட்டார்கள். மொத்தக் கணக்கு தெரியவந்தபோது உலகச் சந்தையில் விலை எகிறியிருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று. 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. முழு நாடும் இயற்கை வேளாண்மைக்கு மாறும் என்றார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் இந்தியாவிலிருந்து நானோ யூரியா விமானத்தில் போனது. நவம்பரில் தடை விலகியது. பிறகு அரிசியையே வெளியிலிருந்து வாங்கினார்கள். அறிவிப்பைப் படித்தவர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார். விமானத்தில் ஏறிய சரக்கைப் பார்த்தவர் வேறு முடிவுக்கு வந்திருப்பார்.

இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழ் நாளேடுகளை நாம் நேரடியாகப் படிக்கலாம். வடக்கு மாகாணத்தில் கடலட்டைப் பண்ணை எங்கே வருகிறது, எந்த மீனவர் சங்கம் எதிர்க்கிறது என்பதெல்லாம் அங்கே உள்ளூர்ச் செய்தியாக வருகிறது. நம் பக்கம் 2001 முதல் கடலட்டை பிடிக்கவே தடை. அக்கரையில் சீன மூலதனத்தோடு குஞ்சு பொரிப்பகமே வந்துவிட்டது. டில்லியில் இருக்கும் ஆய்வாளருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நமக்கு வேண்டாம்.

மூலங்களைத் தேடி ரகசிய வாசல்களில் நிற்க வேண்டியதே இல்லை. உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் எந்த அலைவரிசையில் ஒலிக்கும் என்பதை, அது ஏவப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே 'ரேடியோ' என்ற சோவியத் மாத இதழ் அச்சிட்டிருந்தது. 1957-இல் அமெரிக்கா ஒரு தனி அமைப்பே தொடங்கி, பிற நாட்டு அறிவியல் இதழ்களையும் வேளாண் இதழ்களையும் ஆண்டுக்கணக்கில் மொழிபெயர்க்க வைத்தது. நான் வழக்கமாகப் பார்ப்பவை இவை: ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் மீன்சந்தை அறிக்கைகள். அமெரிக்க வேளாண் துறையின் அதிகாரிகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அனுப்பி இணையத்தில் வெளியிடும் அறிக்கைகள். உலக விலங்கு சுகாதார அமைப்பின் நோய் அறிவிப்புத் தளம். பாங்காக்கில் இயங்கும் ஆசிய பசிபிக் மீன்வளர்ப்பு மையங்களின் வலையமைப்பு வெளியிடும் நீர்வாழ் உயிரின நோய் அறிக்கை. அமெரிக்காவின் மாதாந்திர இறால் இறக்குமதிக் கணக்கு. கடைசியில் சொன்னது மிக முக்கியம். விற்பவர் தன் சரக்கைப் பற்றிச் சொல்லும் கணக்கை, வாங்குபவரின் சுங்கக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். விற்ற நாடு கூட்டிச் சொல்லலாம், குறைத்தும் சொல்லலாம். வரி வசூலித்த நாட்டுக்குப் பொய் சொல்லக் காரணம் குறைவு. சரக்குக் கப்பலில் போகும் நாட்களை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

வானத்திலிருந்து

ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசம். ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒரு முறை அதே இடம் பதிவாகும். படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். அதில் ஒரு புள்ளி முப்பது மீட்டர். வரம்பு தெரிந்து பாருங்கள். நம் பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பம் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. தனித் தெப்பம் கண்ணில் படாது. இறால் குளம் நன்றாகவே தெரியும்.

அகச்சிவப்புப் படத்தில் தண்ணீர் கறுப்பாக இருக்கும், செடிகொடி சிவப்பாக எரியும், நீர் வற்றிய குளம் வெளிறிய சாம்பலாகத் தெரியும். குவாயாகில் வளைகுடா ஓரத்தில் அலையாத்திக் காட்டின் சிவப்புக்கு நடுவே கறுப்புக் கட்டங்களாகத் தெரிபவை ஈக்வடார்க் குளங்கள். நீர் நிறைந்திருக்க வேண்டிய பருவத்தில் ஒரு பகுதியில் வரிசையாகச் சாம்பல் கட்டங்கள் கண்ணில் பட்டால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது. நோயா, விலை வீழ்ச்சியா, அறுவடையா என்று படம் சொல்லாது. விசாரிக்க வேண்டிய இடத்தை மட்டும் காட்டும்.

அந்நிய நாட்டுக் குளத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் குளத்தைப் பாருங்கள். எந்தத் தேதியில் நீர் விட்டீர்கள், எப்போது பிடித்தீர்கள், எத்தனை நாள் காயவிட்டீர்கள் என்று நோட்டில் இருக்கும். அதே தேதிகளின் படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் கண் பழகிவிடும். 1974-இல் நாசாவும் மற்ற அமெரிக்கத் துறைகளும் லேண்ட்சாட் கொண்டு சோவியத் கோதுமையை அளக்கத் தொடங்கியபோதும், தங்கள் சொந்தச் சமவெளிக் கோதுமையில்தான் கண்ணைத் தீட்டினார்கள். 1977-இல் சோவியத் கோதுமை 9.14 கோடி டன் என்று கணித்தார்கள். சோவியத் அரசு வெளியிட்ட கணக்கு 9.2 கோடி.

ஆளுக்கு ஒரு மதிப்பு, சேதிக்கு ஒரு மதிப்பு

மேற்கத்திய ராணுவங்கள் பயன்படுத்தும் ஒரு வகைப்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சொன்னவர் எவ்வளவு நம்பகமானவர் என்பதற்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து. சொன்ன சேதி எவ்வளவு உறுதி என்பதற்கு ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண். ஏ, ஒன்று இரண்டும் மிக உயர்ந்த மதிப்பு; எஃப், ஆறு இரண்டுக்கும் 'கணிக்க வழியில்லை' என்று பொருள். இரண்டையும் பிரித்துப் போடுவதில்தான் இதன் உயிர் இருக்கிறது. மலேசியாவில் வேலை பார்க்கும் மச்சான் நேர்மையானவர், இதுவரை சொன்னவை பெரும்பாலும் சரி, அவருக்கு பி. ஆனால் "ஜொகூர் பண்ணைகள் எல்லாம் மூடிவிட்டார்கள்" என்று அவர் சொல்வது சாயாக் கடையில் காதில் விழுந்தது என்றால், அந்தச் சேதிக்கு நான்கு. மாறாக, குஞ்சு விற்கும் நிறுவனத்தின் பளபளப்புத் தாளை நான் டி என்று வைப்பேன்; ஆனாலும் அதில் ஒரு தகவலைச் சுங்கக் கணக்கும் ஆய்வுக் கட்டுரையும் உறுதி செய்தால், அந்தத் தகவல் ஒன்று. நல்லவர் சொன்னார் என்பதற்காகச் சேதியை நம்புவதும், பிடிக்காதவர் சொன்னார் என்பதற்காக ஒதுக்குவதும் நம் ஊரில் அன்றாடம் நடக்கிறது. குளத்தில் பணம் போடுபவருக்கு இரண்டுமே நஷ்டம்.

விளக்கங்களை மோதவிடுவது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன். பலர் சறுக்குவது இங்கேதான்.

2009-இல் சீனாவில் ஒரு புது நோய் தென்பட்டது. குஞ்சு விட்ட முப்பது முப்பத்தைந்து நாளுக்குள் குளம் முழுக்கச் செத்துவிடும். செத்த இறாலைப் பிளந்தால் ஈரல் வெளிறிச் சுருங்கியிருக்கும். 2010-இல் வியட்நாம், 2011-இல் மலேசியா, 2012-இல் தாய்லாந்து. 'இளமையிலேயே சாகும் நோய்' என்ற பொருளில், ஆங்கில எழுத்தில் இ.எம்.எஸ். என்று நம் பண்ணைகளிலும் பெயர் பரவியது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. மூன்று விளக்கங்கள் உலவின: வியட்நாமில் நண்டைக் கொல்லக் குளத்தில் ஊற்றும் பூச்சிக்கொல்லி, புது வைரஸ், பாக்டீரியா.

ரிச்சர்ட்ஸ் ஹாயர் என்ற சி.ஐ.ஏ. ஆய்வாளர் வகுத்த முறைப்படி, 2012 இறுதியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேலே மூன்று விளக்கங்கள், பக்கவாட்டில் தடயங்கள். ஒவ்வொரு தடயமும் எந்த விளக்கத்தோடு முரண்படுகிறது என்று மட்டும் குறியுங்கள். ஒத்துப்போவதைக் குறிக்க வேண்டாம். எல்லாம் எல்லாவற்றோடும் ஒத்துப்போவதுபோலவே தோன்றும்.

'முதல் மாதத்திலேயே சாகிறது.' மூன்று விளக்கத்துக்கும் பொருந்துகிறது. அதிர்ச்சியான தகவல்தான், ஆனால் முடிவெடுக்க உதவாது; அடித்துவிடுங்கள். 'ஆண்டுக்கு ஒரு நாடாகப் பரவுகிறது.' மருந்து நாட்டுக்கு நாடு தொற்றிக்கொண்டு போகாது, பூச்சிக்கொல்லியோடு முரண். 'தெரிந்த வைரஸ்களுக்கான சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை.' வைரஸோடு கொஞ்சம் முரண், ஆனால் புது வைரஸாக இருக்கலாமே; அரைக்குறி. 'உறையவைத்த இறாலிலிருந்து நோய் தொற்றவில்லை.' இது கனமான தடயம். வெண்புள்ளி வைரஸ் உறைபனியிலும் பிழைத்திருக்கும் என்பது நமக்கு முன்பே தெரியும். வைரஸ் விளக்கம் இங்கே தளர்கிறது.

எதில் முரண் குறைவோ அது மிஞ்சுகிறது: பாக்டீரியா. 2013-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு, காரணம் விப்ரியோ பாராஹீமோலிடிகஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு வகை என்று கண்டுபிடித்தது. அந்த ஆண்டு தாய்லாந்தின் உற்பத்தி ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது.

இந்தக் கட்டம் அறிவுப் பயிற்சிக்காகப் போடுவதில்லை. பூச்சிக்கொல்லி என்றால் அது அவர்கள் பாடு. நமக்கு விலை ஏற்றம் மட்டும்தான். பாக்டீரியா என்றால் முட்டையிட வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் தாய் இறாலோடும் அதற்குப் போடும் உயிர்த் தீனியோடும் நம் கரைக்கே வரலாம். அப்போது எந்தப் பொரிப்பகத்திடம் குஞ்சு வாங்குகிறோம், அவர்களின் தாய் இறால் சென்னை நீலாங்கரைத் தனிமைப்படுத்தும் நிலையம் வழியாக வந்ததா என்று கேட்பது கட்டாயம் ஆகிறது. ஒரே செய்தி, இரண்டு விளக்கம், இரண்டு எதிரெதிரான முடிவு.

பாசிக்கும் இதைச் செய்திருக்க வேண்டும். இன்று நாம் தெப்பத்தில் வளர்க்கும் கப்பாஃபைக்கஸ் வெளிநாட்டிலிருந்து வந்த பாசி. 1970களில் ஹவாயின் கானியோஹே விரிகுடாவுக்குக் கொண்டுபோகப்பட்ட அதன் இனம் பவளப்பாறை மீது படர்ந்ததை 1990களிலேயே அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். நம் குருசடைத் தீவின் பவளத்தில் அது படர்ந்த செய்தி இந்திய அறிவியல் இதழில் வந்தது 2008-இல். இந்தப் பாசியால் எத்தனை வீட்டுப் பெண்கள் தலைநிமிர்ந்தார்கள் என்று நேரில் பார்க்கிறேன். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த புது ரகம் வரும்போது, 'இது போன இடத்திலெல்லாம் என்ன செய்தது?' என்று முதலில் தேடிவிட்டு, பவளம் இல்லாத இடமாகப் பார்த்துத் தெப்பம் இறக்க வேண்டும்.

தாளில் எழுதுவது

தீர்ப்பை முதல் வரியில் எழுதுங்கள். காரணம் பின்னால் வரட்டும். கூடவே எவ்வளவு உறுதி என்பதை நூற்றுக்கு எத்தனை என்று எண்ணில் போடுங்கள். 1951-இல் யூகோஸ்லாவியா மீது சோவியத் அணி படையெடுக்குமா என்பது பற்றிய சி.ஐ.ஏ. அறிக்கையில் அதற்கான வாய்ப்பு 'தீவிரமாகக் கருதத்தக்கது' என்று எழுதினார்கள். எழுதிய குழுவின் தலைவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட் மனத்தில் இருந்தது 65. குழுவினரைத் தனித்தனியே கேட்டபோது இருபதிலிருந்து எண்பது வரை சொன்னார்கள்! அதன் பிறகு அவர் வகுத்த அளவு எனக்குப் போதும்: அநேகமாக நிச்சயம் என்றால் 93, நடக்கக்கூடும் என்றால் 75, சரிபாதி 50, நடக்காது போலிருக்கிறது 30, அநேகமாக நடக்காது 7.

எண் போட்டால் சிலருக்குப் பொறுமை போகும். "அண்ணே, குஞ்சு விடலாமா கூடாதா, அதைச் சொல்லுங்கள்" என்பார்கள். விலை இறங்க 75 வாய்ப்பு என்பது என் வேலை. கையில் முதல் இருப்பவர் அதையும் மீறி விடலாம்; வட்டிக்கு வாங்கியவர் 30-க்கே பயந்து ஒதுங்கலாம். அது அவரவர் வீட்டு நிலை அறிந்து எடுக்க வேண்டிய முடிவு. மதிப்பீட்டையும் யோசனையையும் ஒரே வரியில் கலக்காதீர்கள்.

அடுத்து, எந்த ஊகத்தின்மேல் தீர்ப்பு நிற்கிறது என்பதை எழுதுங்கள். 1949 செப்டம்பர் 20 தேதியிட்ட சி.ஐ.ஏ. மதிப்பீடு, சோவியத் அணுகுண்டு பெரும்பாலும் 1953 நடுவில் வரும் என்றது. குண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதியே வெடித்திருந்தது. செப்டம்பர் 3-ஆம் தேதி பசிபிக் வடக்கில் பறந்த அமெரிக்க விமானத்தின் வடிதாளில் அதன் கதிரியக்கத் தூசும் ஒட்டியிருந்தது. ஒரு துறையின் கையில் தடயம். இன்னொரு துறையின் மேசையில் பழைய ஊகம். ஆகவே என் தாளின் அடியில் 'இவை தென்பட்டால் என் தீர்ப்பு மாறும்' என்று இரண்டு மூன்று வரி எப்போதும் இருக்கும். குழுவில் யார் கண்ணில் பட்டாலும் அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் அவர் கருத்தும் அவர் சொன்னபடியே தாளில் இடம்பெறும்.

ஒரு கண்டிப்பு. பொதுவில் கிடைப்பதை மட்டும் எடுங்கள். நம் கரையில் கடற்படையும் கடலோரக் காவல் படையும் இருக்கின்றன. அவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். கடலில் எல்லை தாண்டிப் போகும் யாரிடமும் எதையும் பார்த்து வரச் சொல்லாதீர்கள். பிறருடைய பொரிப்பகத்துக்குள் ஆள் விட்டு விவரம் எடுப்பது திருட்டு.

கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950-இல் சொன்ன வழியின் எளிய வடிவம் போதும். 75 என்றால் 0.75. நடந்திருந்தால் ஒன்றிலிருந்து கழித்து, மீதியான 0.25-ஐ அதனாலேயே பெருக்குங்கள்: 0.0625. நடக்காமல் போயிருந்தால் 0.75-ஐ அதே எண்ணால் பெருக்குங்கள்: 0.5625. எண் சிறிதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 50 என்று போட்டுத் தப்பித்தால் 0.25 வரும், ஆண்டுச் சராசரி அதற்கு மேல் போனால் உங்கள் தாளைவிட நாணயம் சுண்டுவது மேல் என்று பொருள். விலை, நோய், புது ரகம் என்று தலைப்புவாரியாகப் பிரித்துச் சராசரி பாருங்கள். எனக்கு நோய்க் கணிப்பு ஓரளவு கைகூடுகிறது, விலைக் கணிப்பில் எண் பெரிதாகவே நிற்கிறது. அதனால் விலை பற்றிய வரிகளில் 75-க்கு மேல் போடுவதை நிறுத்தியிருக்கிறேன். அதைக் குழுவிடமும் சொல்லியிருக்கிறேன்.